வாசகர் கேள்வி – பதில்: காரைக்குடிப் பக்கம் குடிவருவோருக்கு

கேள்வி: சென்னையிலிருந்து காரைக்குடிக்கு மாற்றல். மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவனை இனிமேல்தான் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். ஊருக்குள் இருப்பதா, கோட்டையூர், அரியக்குடி போலப் புறநகரில் இருப்பதா? – வாசகி, சென்னை

பதில்: பள்ளியை முதலில் முடிவு செய்யுங்கள், வீட்டைப் பிறகு தேடுங்கள். வடக்கே கோட்டையூர், தென்கிழக்கே அரியக்குடி, மேற்கே கோவிலூர். திசை மாறினால் பள்ளி வேன் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகும். நான்கு வயதுப் பிள்ளை வேனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போவது வேண்டாத வேலை. வீட்டை இரண்டு முறை பாருங்கள். வேலைநாளில் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழரைக்கு ஒரு தடவை. காலையில் வேன் வாசலுக்கு வருமா, மெயின்ரோட்டோடு நின்றுவிடுமா என்று தெரியும். இரவில் தெருவிளக்கும் நாய்த்தொல்லையும் கடைசி டவுன் பஸ்ஸும் தெரியும்.

மூத்தவளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் போதாது. பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் அவள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். அதை மறந்துவிட்டால் புதிய பள்ளி அவளைத் தன் பட்டியலில் ஏற்ற முடியாது. சான்றிதழ் வாங்கும் அன்றே, அங்கேயே நின்று கேட்டு, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் ஓராண்டு வாடகை வீடுதான் நல்லது. மழைக்காலம் ஒன்றைப் பார்த்த பிறகு மனை வாங்கலாம்.

கேள்வி: புறநகரில் 40க்கு 60 அடி மனை ஒன்று பிடித்திருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், திருச்சி

பதில்: மனையை ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். இந்தப் பக்கத்துப் பழைய ஊர்கள் மழைத்தண்ணீரை ஊரணிக்கும் கண்மாய்க்கும் வழிவிட்டு அமைந்தவை. புது மனைப்பிரிவுகள் சில அந்த வழியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. அக்கம்பக்கத்துச் சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டு, நிலம் என்ன வகை என்று காட்டும் ‘அ’ பதிவேடு எடுங்கள். உங்கள் எண் மட்டும் போதாது, ஒட்டியுள்ள எண்களையும் எடுங்கள். ஓடை, வாய்க்கால், கண்மாய் என்று புறம்போக்கு ஒட்டியிருந்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள் என்பேன்.

அடுத்தது காகிதம். முப்பது ஆண்டு வில்லங்கம், பட்டா, மனைப்பிரிவு அங்கீகார எண். அங்கீகாரமில்லாத பிரிவாக இருந்து வரன்முறை செய்திருந்தால், பிரிவுக்கான ஆணையோடு உங்கள் மனைக்கான தனி ஆணையும் வேண்டும். ‘ஆணை இருக்கிறது’ என்று காட்டுவது பல நேரம் முதலாவது மட்டும்தான். 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு பொது இடமாக விட வேண்டும். அது உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகாவிட்டால் பிள்ளைகள் விளையாடும் இடம் என்றைக்கு வேண்டுமானாலும் மனையாகிவிடலாம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது எல்லையும் விரிந்தது. வரி, கட்டட அனுமதி எந்த அலுவலகத்தில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பலரும் கோட்டைவிடும் இடம். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போர்வெல்லுக்கும் குறைந்தது 18 மீட்டர், சுமார் 60 அடி இடைவெளி வேண்டும். உங்கள் மனையின் மூலைக்கு மூலை தூரமே 72 அடிதான். உங்கள் குழியை ஒரு மூலையில் தள்ளி வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்கு 10 அடியில் இருக்கலாம். அதனால் வீட்டு வரைபடம் போடுவதற்கு முன்பே நான்கு பக்கத்தாரின் குழிகளையும் தாளில் குறித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் போர் போடுங்கள். பாதாளச் சாக்கடை வராத பகுதியில் இதற்கு மாற்று வழி இல்லை.

தண்ணீரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இது செம்புறாங்கல் பூமி. பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் இரவு முழுக்க வாளியில் இருந்தால் காலையில் அடியில் செந்நிறப் படிவு தெரியலாம். அது இரும்பு. வெள்ளைத் துணி பழுப்பேறும், ஆர்.ஓ. மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மேல்தொட்டியில் தண்ணீர் பூவாளிபோலத் தெறித்து விழும்படி குழாய் வைத்து, காற்றுப்பட்டுப் படிந்தபின் மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் பெருமளவு போய்விடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கரைந்த உப்பு, புளோரைடு, இரும்பு மூன்றையும் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. புளோரைடு 1.5ஐத் தாண்டினால் குடிக்கவே கூடாது, பிள்ளைகளின் பல்லில்தான் முதலில் கறை ஏறும்.

கேள்வி: பழைய செட்டிநாட்டு வீட்டில் ஒரு பகுதி வாடகைக்குக் கிடைக்கிறது. குழந்தைகளோடு இருக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: இருக்கலாம். கோடையிலும் வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு, குளுமையாக இருக்கும், பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு. ஆனால் பெரும்பாலும் வீடு ஒருவருடையதாக இருக்காது. பல பங்காளிகளின் பங்கு. உங்களிடம் வாடகை பேசுகிறவர் ஒரு பங்குக்காரர்தான் என்றால், மற்றவர்களின் ஒப்புதல் அல்லது அதிகாரப் பத்திரம் எழுத்தில் வேண்டும். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்காளிக் குடும்பங்கள் அத்தனையும், அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். எந்த அறைகள் உங்களுக்கு, கிணறும் பின்பக்கத்து இரண்டாங்கட்டும் உண்டா, விசேஷ நாளில் எத்தனை நாளைக்கு வளவை ஒழித்துக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது.

மின் மீட்டர் தனியா என்று கேளுங்கள். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால், இரண்டு மாதத்துக்கான இலவச யூனிட் சலுகை ஒன்றுதான். மொத்தம் 500ஐத் தாண்டினால் விலைப்படியும் ஏறும்.

குடிபோகுமுன் கிணற்றுக்கு இரும்பு வலை மூடி, மாடிப்படிக்குக் கதவு, முற்றக் கல்லில் பாசி நீக்கம், மூன்றும் முடிந்திருக்க வேண்டும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பில் இலை அடைத்திருந்தால் ஒரு பெருமழையில் தண்ணீர் வளவுக்குள் ஏறிவிடும். புரட்டாசியிலேயே குச்சி விட்டுப் பாருங்கள்.

கேள்வி: புது வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்தோம். ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது. – வாசகர், தேவகோட்டை

பதில்: பதித்த பிறகு சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா என்று கொத்தனாரைக் கேளுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் நிறம் சிமென்டோடு கலந்த மெல்லிய மேலடுக்கில் இருக்கிறது. சூளையில் சுட்ட மெருகு அதில் இல்லை. ஆசிட் அந்த அடுக்கைத்தான் அரிக்கும், அரித்த இடம் திரும்பாது. மெஷின் பாலிஷும் போடாதீர்கள், நிறமே தேய்ந்து போகும். அடியிலிருந்து ஈரம் ஏறிப் பூத்த உப்பாக இருந்தால் கவலை வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுப் பிழிந்த துணியால் தினமும் துடைத்து வாருங்கள். ஆட்கள் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும்.