1950 டர்பன் வாக்காளர் பட்டியலில் தாத்தா பெயர் இல்லையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மேயர் தேர்தல் பட்டியலில் தாத்தா பெயரைத் தேடுகிறீர்களா? மேயர் தேர்தலுக்கென்று தனிப் பட்டியல் கிடைக்காது. மக்கள் கவுன்சிலர்களுக்குத்தான் வாக்களித்தார்கள். கவுன்சிலர்கள் தங்களில் ஒருவரை மேயராக்கினார்கள்.

1950 நகராட்சிப் பட்டியலில் உங்கள் தாத்தா பெயர் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் டர்பன் இருந்த நேட்டால் மாகாணத்தின் 1924 சட்டம். இந்தியர்கள் புதிதாகப் பதிவதை அது தடுத்தது. நகரத்துக்கு வரி கட்டியவருக்கு வாக்கில்லை! நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது.

அப்புறம், கொள்ளுத்தாத்தா பெயரை 1924க்கு முந்தைய பட்டியல்களில் பாருங்கள். முதலியாரை மூட்லி என்றும், கவுண்டரைக் கோவெண்டர் என்றும் எழுதியிருக்கலாம். எல்லா விதமாகவும் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய நகர மன்றக் கூட்டக் குறிப்புகளை இன்றைய முறையை வைத்துப் படிக்காதீர்கள். அன்று மன்றக் கூட்டத்துக்கு மேயரே தலைவர். 2000இல் டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகராட்சி உருவானபின் கூட்டத்தை நடத்துவது சபாநாயகர். மேயர் நிர்வாகக் குழுவின் தலைவர்.