இங்கிலாந்தில் முதுகலை முடித்தபின் பல்கலைக்கழகமே வேலை வாங்கித் தருமா?

ஓராண்டு முதுகலைப் படிப்புக்காகச் செப்டம்பரில் இங்கிலாந்து செல்லவிருப்பதாகவும், படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகமே வேலைக்கு ஏற்பாடு செய்யுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யாது. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் நம் ஊர்க் 'கேம்பஸ்' முறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நானும் நீர்வளப் பொறியியல் படிக்கப் போனேன். அங்குள்ள 'கேரியர்ஸ் சர்வீஸ்' வேலைக்கு விண்ணப்பிக்கக் கற்றுத்தரும் இடமே அன்றி வேலை தரும் இடமன்று என்பது புரிய எனக்கு எட்டு மாதங்களாயின.

அதற்குள் முக்கியமான பருவம் கடந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் பலவும் புதிய பட்டதாரிகளுக்கான 'கிராஜுவேட் ஸ்கீம்' விண்ணப்பங்களைச் செப்டம்பர் வாக்கில் திறந்து, ஆண்டு முடிவதற்குள் மூடிவிடுகின்றன; தேர்வானவர்கள் பணியில் சேர்வதோ அடுத்த ஆண்டில். உள்ளூர் மாணவர்கள் இதை முன்பே அறிந்து இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். நமக்கு அவை வங்கிக் கணக்குக்கும் வாடகை அறைக்கும் அலையும் வாரங்கள். ஆகவே, விமானம் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நான் மே மாதத்தில் கேரியர்ஸ் சர்வீஸுக்குக் கொண்டுபோன பயோடேட்டாவில் புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், கடவுச்சீட்டு எண் எல்லாம் இருந்தன. அங்கிருந்த ஆலோசகர் அவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, "இதில் நீங்கள் செய்த வேலை எங்கே?" என்று கேட்டார். நேர்முகத் தேர்வில் எதிர்கொண்ட சூழல், ஏற்ற பொறுப்பு, செய்த செயல், கிடைத்த விளைவு என்ற வரிசையில் பதில் சொல்லும் பழக்கத்தையும் அவரிடமே பெற்றேன். 'நாங்கள் செய்தோம்' என்று அடக்கமாகச் சொல்லும் நம் வழக்கம் அங்கே எடுபடாது; நீங்கள் தனியாகச் செய்தது எது என்பதையே மதிப்பிடுகிறார்கள்.

அடுத்தது விசா. முதுகலை முடித்தவர் அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கான 'கிராஜுவேட் விசா' இரண்டாண்டுகளாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதங்கள்தான். அந்த விசா இருக்கும்வரை ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், தேவையில்லை. அதன்பின் 'ஸ்கில்டு ஒர்க்கர்' என்னும் வேலை விசாவுக்கு, ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும். 2025 ஜூலையில் அதற்கான பொதுவான ஊதிய வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. மாணவர் விசாவிலிருந்தோ கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறும் புதியவருக்குக் குறைந்தபட்சம் 33,400 பவுண்டு, தொழிலைப் பொறுத்து இன்னும் கூடலாம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அலுவலகம் இணையத்தில் வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒரு நிறுவனம் புதிய பட்டதாரிக்கு ஸ்பான்சர் செய்யும் என்று கொள்ள வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்காமலே முப்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை வீணாக்கினேன்.

இறுதியில் எனக்கு வேலை கொடுத்தது, வடிகால் வடிவமைக்கும் அறுபது பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனம். அங்கே கிராஜுவேட் ஸ்கீமும் இல்லை, ஸ்பான்சர் உரிமமும் இல்லை; கிராஜுவேட் விசாவில் ஓராண்டு வேலை பார்த்த பிறகு நானே பேச்செடுத்தேன், அவர்கள் உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள்.