டாலஸில் டிப்ஸ் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

அடுத்த மாதம் வேலைக்காக டாலஸ் வருகிறேன், பழைய கார் எங்கே வாங்கலாம், குக்கர் கொண்டுவரலாமா, ரெஸ்டாரண்டில் டிப்ஸ் கட்டாயமா, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. குக்கர் கொண்டு வாருங்கள். காருக்கு யோசனை சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டிப்ஸ் விஷயத்தில்தான் நம் ஆட்கள் வந்த வேகத்தில் தப்பான பாடம் படித்துவிடுகிறார்கள், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டப்படி கட்டாயம் இல்லை. உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அடி விழுவது உங்களுக்குப் பரிமாறியவருக்கு. டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு, டாலஸ் இருக்கிற டெக்சஸ் மாநிலத்தில் முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நடுவில் இருக்கிற 5.12 டாலரை சாப்பிட வருகிறவர்கள் தருவார்கள் என்பதுதான் கணக்கு. டிப்ஸ் போதாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டால் அடுத்த வாரம் ஷிப்ட் குறைந்துவிடுமோ என்று பயந்து வாய் திறக்காதவர்கள் நிறைய. கலிபோர்னியாவில் முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். அதனால் அங்கே இருக்கிற நண்பர் சொல்வதை வைத்து இங்கே நடக்காதீர்கள்.

இன்னொன்று. பல இடங்களில் சர்வர் தன் விற்பனையில் ஒரு பங்கை மேசை துடைப்பவருக்கும் பாரில் நிற்பவருக்கும் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்தால் உங்கள் மேசைக்கான பங்கை அவர் மற்ற மேசைகளில் கிடைத்ததிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

நான் வந்த புதிதில் டாலஸ் பக்கத்து ஊரான இர்விங்கில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். இரண்டு குழந்தைகளோடு தனியாக, ஸ்டேக் ரெஸ்டாரண்ட் ஒன்றில் சர்வர் வேலை. அப்பார்ட்மெண்ட் லாண்டரி அறையில் துணி சுற்றும் நேரத்தில் ஒரு டாலர் நோட்டுகளை அடுக்கி வாடகைக்கு எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள், பெரிய கூட்டமாக வந்து மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றுமே வைக்காமல் போனதைச் சொன்னார். கொஞ்சம் தயங்கி, உங்கள் நாட்டுக்காரர்கள் என்று நினைக்கிறேன் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு கையில் காசு இல்லாத மாதங்களில் வீட்டிலேயே சமைத்துக்கொண்டோமே தவிர, வெளியே சாப்பிட்டு டிப்ஸில் மிச்சம் பிடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

முதலாளிதானே சம்பளம் கொடுக்கணும், நான் எதுக்குக் கொடுக்கணும் என்று சில சீனியர்கள் உங்களுக்கு நியாயம் பேசுவார்கள். கேள்வி சரிதான். அடிமை முறை ஒழிந்த பிறகு ரயிலில் வேலைக்கு வைத்த கறுப்பின மக்களுக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளின் தயவில் விட்டது, ரயில் படுக்கைப் பெட்டிகளை நடத்திய புல்மேன் கம்பெனி. அப்படி வேரூன்றிய அநியாயம் இது. ஆனால் அந்தக் கோபத்தை 2.13 வாங்குகிறவர் மேலா காட்டுவது? முதலாளிக்குச் சாப்பாட்டின் முழு விலையையும் இந்த சீனியர்கள் கொடுத்துவிட்டுத்தானே வருகிறார்கள்!

நம் இந்திய ரெஸ்டாரண்டுகள் சிலவற்றில் முதலாளியே டிப்ஸை எடுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். முதலாளியோ மேனேஜரோ தொழிலாளியின் டிப்ஸைத் தொடக் கூடாது என்று 2018-லேயே சட்டம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் பரிமாறியவர் கையிலேயே பணமாகக் கொடுங்கள்.

கணக்கு சுலபம். டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம். பில்லில் இருக்கிற வரியை இரட்டிப்பாக்கி இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 18 சதவீத டிப்ஸ் வரும். நான் 20 கொடுக்கிறேன். ஆறேழு பேராகப் போனால் ரெஸ்டாரண்டிலேயே டிப்ஸைச் சேர்த்திருக்கலாம், பில்லைப் படியுங்கள். கவுண்டரில் காபி வாங்கும்போது திரையைத் திருப்பிக் காட்டினால் கூச்சமில்லாமல் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே டீம் லஞ்ச் இருக்கும். நம் ஆட்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பில்லைப் பிரிக்கும்போது டிப்ஸையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். புதுசாக வந்தவர் சொல்லலாமா என்று யோசிக்க வேண்டாம்.