குளத்தில் சிக்கிய கவச மீன்

அன்புள்ள ஐயா,

கோடையில் எங்கள் ஊர்க் குளம் வற்றியபோது விரால், கெளுத்தியோடு விசித்திரமான மீன் ஒன்றும் வலையில் வந்தது. உடம்பெல்லாம் கெட்டியான தகடு, வாய் அடிப்பக்கம். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டேன். நாற்பது கோடி ஆண்டுக்கு முந்தைய செபலாஸ்பிஸ், தாடையில்லாத மீன் என்று ஒருவர் எழுதிவிட்டார். ஊரே வந்து பார்க்கிறது. உண்மைதானா? தொட்டியில் உயிரோடு வைத்திருக்கிறேன்.

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

படத்தில் இருப்பது சக்கர் மீன். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, கெளுத்திக்கு உறவு. பாசி தின்னட்டும் என்று கண்ணாடித் தொட்டிக்கு வாங்குவார்கள். பெரிதானதும் குளத்தில் விட்டுவிடுவார்கள். மல்லாக்கத் திருப்பிப் பாருங்கள். உறிஞ்சும் உதட்டுக்குள் மேலும் கீழும் தாடை, அதில் வரிசையாகப் பொடிப் பற்கள். வயிற்றுப் பக்கம் ஒரு ஜோடித் துடுப்பு. செபலாஸ்பிஸுக்கு இவை எதுவும் கிடையாது.

அந்தப் பெயர் 1835இல் சுவிஸ் இயற்கையியலாளர் லூயி அகாசி வைத்தது. அதன் தலை முழுக்க ஒரே எலும்புக் கவசம், லாடம் போன்ற வடிவம். உச்சியில் நெருங்கிய இரு கண்கள், அவற்றுக்கு முன்னால் ஒற்றை நாசித்துளை. எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு மண்டைக்குள் இருக்கிறது. இந்தக் குடும்பத்து மீன்களின் மூளையும் நரம்பும் அழிந்துவிட்டன. ஆனால் அவை இருந்த இடங்களைச் சுற்றிப் படிந்த மெல்லிய எலும்பு அப்படியே தங்கிவிட்டது. ஸ்வீடனின் புதைபடிவ ஆய்வாளர் எரிக் ஸ்டென்சியோ, வட துருவப் பக்கத்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கிடைத்த, கல்லாகிப்போன தலைகளை அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் வரைந்து, மூளை இருந்த அறையை மெழுகில் வடித்தார். 1927இல் அந்த ஆய்வு வெளியானது. உள்காதின் அரைவட்டக் குழாய்கள்கூடத் தெரிந்தன. நமக்குக் காதுக்கு மூன்று, இந்த மீன்களுக்கு இரண்டே. குளிர்நாட்டு ஆறுகளில் இன்றும் வாழும் லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனுக்கும் இரண்டுதான். எத்தனை பொறுமை இருந்தால் ஒரு கல்லிலிருந்து இதைப் படிக்க முடியும்!

நம் டெல்டா ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். இங்கே அத்தனை பழைய கல்லுக்கு வழியில்லை. கொள்ளிடம் தாண்டி அரியலூர் போனால் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் உண்டு. அவையே செபலாஸ்பிஸுக்குச் சுமார் 30 கோடி ஆண்டு பிந்தியவை.

அப்புறம், அந்த மீனைத் தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள். கரையைக் குடைந்து பொந்து போட்டு முட்டையிடும். மேட்டூர்த் தண்ணீர் வந்தால் வாய்க்கால் வழியே அடுத்த ஊருக்கும் போய்விடும். மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அதுவரை, பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அந்தத் தாடையைக் காட்டுங்கள்.