குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு: மலைவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் படகில் சென்று காண விரும்பும் நீலகிரி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தக் கரைக்குப் பல குழுக்களை அழைத்துச் சென்றவன் என்ற முறையில் இங்கே பதிலளிக்கிறேன்.

குன்னூரிலிருந்து ஒருவர்: ஒரே நாளில் எத்தனை தீவுகளில் இறங்கி நடக்கலாம்?

தீவு தீவாக இறங்கி நடக்கலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் கால் வைக்க முடியாது. வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு, பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குச் செல்கிறது. புள்ளிவாசல், பூமரிச்சான் போன்ற அண்டைத் தீவுகளைக் கடலில் இருந்தபடியே பார்ப்பதுதான் முறை. ஐந்தாறு தீவுகளில் இறக்கிவிடுவதாக யாரேனும் பேரம் பேசினால் விலகிவிடுங்கள். மசினகுடியில் இரவுச் சவாரிக்கு அழைக்கும் ஜீப்புகளை அறிந்த நமக்கு இந்த வியாபாரம் புதிதல்ல.

உதகையிலிருந்து ஒருவர்: பைக்காராவில் படகில் போகும்போது கரையில் கடமான்களைப் பார்த்திருக்கிறோம். அதுபோல இங்கே ஆவுளியாவைப் பார்க்க முடியுமா?

பார்க்க முடியாது என்று எண்ணிக்கொண்டே புறப்படுங்கள். ஆவுளியா எனப்படும் கடற்பசு, மூச்சு விடுவதற்காக மட்டும் மூக்கு நுனியை நீருக்கு மேலே நீட்டிவிட்டு மீண்டும் அமிழ்ந்துவிடும் கூச்ச சுபாவமுள்ள பாலூட்டி. மூன்று மீட்டர் வரை வளரும் உடல் என்றாலும், எண்ணிக்கையில் மிகக் குறைந்துவிட்டதால், கடலிலேயே வாழ்நாளைக் கழித்த மீனவர்கள்கூட அதை அரிதாகவே காண்கிறார்கள். அதற்காகவே 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

ஆனால் ஆவுளியா மேயும் கடற்புல் வெளியை நீங்கள் பார்க்கலாம். என் கணக்கில் இந்தப் பயணத்தின் உயிர்நாடியே அதுதான். நீர் தெளிந்திருக்கும் காலையில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டால், ஆழமற்ற அடித்தரையில் புல் அசைவதையும், அதனிடையே நட்சத்திர மீன்களும் கடல் அட்டைகளும் கிடப்பதையும், பவளப்பாறையின் இடுக்குகளில் சிறு மீன்கள் புகுந்து வெளிப்படுவதையும் காணலாம். பேராமை எனப்படும் பச்சை ஆமை மேய வருவதும் இதே புல்லுக்குத்தான். ஓங்கில் (டால்பின்) கூட்டம் தென்பட்டால் அது அன்றைய அதிர்ஷ்டம். அதைத் துரத்தச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். காட்டெருதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துப் பழகிய கண்கள் இங்கே காலடியிலுள்ள நீரைப் பார்க்கப் பழக வேண்டும்.

உதகையில் தங்கும் விடுதி நடத்துபவர்: கோடை சீசன் முடிந்து ஜூன், ஜூலையில்தான் எங்களுக்கு ஓய்வு. அப்போது வரலாமா?

தீவுகளுக்கு அது ஏற்ற காலமன்று. தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும் அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அலை அடித்தரையைக் கலக்கிவிடுவதால், படகு புறப்பட்டாலும் கீழே எதுவும் தெரியாது. ஆனால் அதே நாட்களில் வடகடலான பாக் விரிகுடா பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே பிரப்பன்வலசையில் கடற்புல்லையும், தொண்டிப் பக்கத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டையும் பாருங்கள். இரண்டும் வனத்துறையின் சூழல் சுற்றுலா இடங்களே. வடகிழக்குப் பருவமழையின்போது நிலைமை தலைகீழாகி, வடகடல் சீறும். குருசடைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மிக ஏற்றது. வலசை வந்த கடற்கரைப் பறவைகள் அப்போது திரும்பிப் போயிருக்கமாட்டா. தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளையும் பார்த்துவிடலாம். பனிக்காலத்தில் பச்சைத் தேயிலை வரத்து குறைவதால், தோட்டக்காரர்களுக்கு இந்தக் காலம் தோதானதும்கூட.

கல்லட்டியிலிருந்து ஒருவர்: முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்குக் குமட்டியதில்லை. கடலில் பயமில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. படகின் பின்பாதியில், நடுவாக்கில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். கைபேசித் திரையைப் பார்க்காதீர்கள். மாத்திரை தேவையென்றால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து ஓர் ஆசிரியை: மாணவர்களை அழைத்து வந்தால், தீவுகளுக்கு நேர்ந்த கேடுகளைப் பற்றி எதைக் காட்டி விளக்கலாம்?

நல்ல கேள்வி, அம்மா. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவு முதலாவது. அலையைத் தடுக்கும் அரண் போனதால் தீவுகள் அரிக்கப்பட்டன. விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. 21 என்ற எண்ணிக்கை இந்த இரண்டையும் சேர்த்ததுதான் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். அடுத்தது வெப்பம்: கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறிய 2010, 2016 ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளிறின.

மூன்றாவது, நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கக்கூடியது. வணிகத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு இந்தக் கரையோரம் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடையின் பவளங்கள் மேல் படர்ந்து அவற்றை மூடியதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். நம் புல்வெளிகளில் நட்ட சீகை (வாட்டில்) மரம் சோலைக்காட்டின் ஓரம் வரை பரவியதைப் போன்ற கதைதான் இது. அதே பாசி வளர்ப்பை நம்பி மீனவப் பெண்கள் பலர் பிழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருபக்கக் கதையாக அதைச் சொல்வது நியாயமில்லை.

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: நினைவுக்குச் சிப்பி எடுத்து வரலாமா? வேறென்ன கவனிக்க வேண்டும்?

எதையும் எடுக்கக்கூடாது. பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கின்றன. இறந்த பவளத் துண்டும் அதில் அடங்கும். நம் மாவட்டத்தில் பழகியபடியே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள். தீவில் குடிநீரும் கடையும் கிடையாது. மலைக் குளிருக்குப் பழகிய உடலுக்கு அங்கு வெயில் கடுமையாகத் தெரியும் என்பதால், முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் வேண்டும். காற்று மாறினால் படகு அன்று காலையில்கூட ரத்தாகும். எனவே மண்டபத்திலோ பாம்பனிலோ ஒருநாள் கூடுதலாகத் தங்கும்படி திட்டமிட்டு, புறப்படும் முன் மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.