சங்கைக் காதில் வைத்தால் கடல் இரைச்சல் கேட்பது ஏன்?

உள்ளே கடலெல்லாம் இல்லை, நாம் கேட்பது நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிற சத்தத்தைத்தான். மின்விசிறி, காற்று, தூரத்து வண்டிகள் என்று ஏதோ ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் இருக்கும், நாம்தான் கண்டுகொள்வதில்லை. அது சங்கின் வளைந்த குழிக்குள் புகுந்து சுவர்களில் மோதித் திரும்பும்போது, உள்ளிருக்கும் காற்றின் இயல்பான அதிர்வெண்களோடு ஒத்துப்போகிற ஒலிகள் மட்டும் வலுத்துக் கேட்கின்றன. இதுதான் ஒத்ததிர்வு. பெரிய சங்கென்றால் சுருதி இறங்கும், சின்னதென்றால் ஏறும்.

காதில் ஓடும் ரத்தத்தின் சத்தம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தவறு. மூச்சிரைக்க ஓடிவிட்டு வந்து கேளுங்கள், ரத்த ஓட்டம் கூடியிருக்கும், இரைச்சல் கூடியிருக்காது. ஒலிபுகா அறையிலோ சங்கு கிட்டத்தட்ட ஊமை.

சரி, கையில் சங்கு இல்லையா? காலி டம்ளரைக் காதருகே வைத்துப் பாருங்கள், அதுவும் இரையும்!