“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்: கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கலை அறிவியல் கல்லூரியில் 22 வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். சக ஆசிரியர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி (வேதியியல், முதலாண்டு): “புரிஞ்சுதா?” என்றால் அறுபது பேரும் தலையாட்டுகிறார்கள். பரீட்சைத் தாளில் ஒன்றுமில்லை.

பதில்: அந்தக் கேள்விக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும், மேடம்? தப்பாகச் சொல்ல இடமுள்ள கேள்வியாகக் கேளுங்கள். என் வகுப்பில் இப்படி: பந்தை நேர்மேலே எறிகிறோம், உச்சியில் அதன் முடுக்கம் எவ்வளவு? சுழியம், மேல்நோக்கி 9.8, கீழ்நோக்கி 9.8 என்று மூன்றையும் போர்டில் எழுதுவேன். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு 1, 2, 3 என்று விரல் காட்டணும், நெஞ்சோடு ஒட்டி, பக்கத்து ஆள் பார்க்காதபடி. பாதிப்பேருக்கு மேல் சுழியம்தான். நான் விடை சொல்லாமல், “பக்கத்துல பேசுங்க” என்று விட்டுவிடுவேன்.

“மேல போய் நின்னுடுச்சுல்ல, அப்புறம் என்னடா முடுக்கம்?”

“முடுக்கமே இல்லன்னா அங்கேயே தொங்கிட்டு இருக்கணுமேடா!”

சரியான விடை கீழ்நோக்கி 9.8தான்; பந்து உச்சியில் இருக்கும்போதும் பூமி இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. இதையே நான் போர்டில் எத்தனை தடவை எழுதினாலும் ஏறாது. பெஞ்சுக்காரன் சொன்னால் ஏறுகிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதம் வந்தால் பேச விடலாம். அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்தணும். மேலே என்றால் அடுத்ததுக்குப் போய்விடலாம்.

கேள்வி (கணிதம்): போர்ஷன் எப்போ சார் முடிப்பது?

பதில்: ஒரு பீரியடுக்கு ஒரே கேள்வி. நோட்ஸ் சொல்லி எழுத வைக்கும் நேரத்தில் கை வையுங்கள்.

கேள்வி (வரலாறு, கௌரவ விரிவுரையாளர்): கேள்வி கேட்டால் வகுப்பே கப்சிப். கடைசியில் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

பதில்: எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள்? மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நான் போர்டைத் துடைத்துக்கொண்டே மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். முதலில் அந்த அமைதி குடலைப் பிடுங்கும், பழகிவிடும்.

இன்னொன்று. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்கும், ஆங்கிலம்தான் தடுக்கும். முதலில் தமிழில் சொல்லட்டும்.

கேள்வி (வணிகவியல்): “சார் நடத்துறதே இல்ல, எங்களையே பேச விடுறார்” என்று துறைத்தலைவரிடம் புகார் போய்விட்டது.

பதில்: என் மேலும் போயிருக்கிறது. 2019இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றிலும் இதே கதைதான்: கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்த்த மாணவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள், ஆனால் சொற்பொழிவு கேட்டவர்களே அதிகம் கற்றதாக நினைத்தார்கள். அதனால் செமஸ்டரின் முதல் வாரமே ஏன் இப்படி நடத்துகிறேன் என்று சொல்லிவிடுவேன். முதல் இன்டர்னல் தாளில் அந்தப் பந்துக் கணக்கையே வேறு உருவில் வைப்பேன். தாள் கைக்குப் போன பிறகு புகார் வந்ததில்லை.